பாதாளக் கரண்டிக்கு ஒரு ஈடு

1

எங்கள் அம்மா ஃபோனில் சொல்லும் 'நல்லாருக்கேன்' போன வருடம் நான் கேட்பதற்கு முன்னாலேயே வர ஆரம்பித்தது.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு துறைமுக நகரத்தில். அம்மா இருப்பது மதுரை ஆனையூரில், அண்ணன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையில் வாங்கிய ஃபோன் கார்டைச் சுரண்டி, அதில் உள்ள எண்களை ஒன்றுவிடாமல் அழுத்தினால் லைன் கிடைக்கும். மலிவான கார்டு. நான் பேசுவது அம்மாவின் காதில் விழக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவள் பதில் திரும்பி வர இன்னும் கொஞ்சம். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்பதிலேயே பாதிக் கார்டு தீர்ந்துவிடும்.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ரிசீவரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிடுவாள்.

"நல்லாருக்கேன். சாப்ட்டேன். இங்க மழை இல்ல. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. புள்ள எப்டி இருக்கா?"

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. கேட்காத கேள்விக்கு வருகிற பதில் என்ன பதில்? அதுவும் என் அம்மா வெள்ளையம்மா அப்படிப்பட்ட ஆளே இல்லை. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், கத்திரிக்காய் கசக்கிறது, முழங்கால் குத்துகிறது, பக்கத்து வீட்டுக்காரி பார்த்த பார்வை சரியில்லை என்று புலம்பியே கார்டைத் தீர்ப்பவள். அந்த அம்மா குறை சொல்வதையே நிறுத்தியிருந்தாள். குறை சொல்லாத அம்மா என்றால் எங்கேயோ பெரிய குறை இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

"நல்லாருக்கேன்னு சொன்னாலும் தப்பா? ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆமாம், எல்லாவற்றிலும்தான். அது எங்கள் வீட்டுச் சொத்து. இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆன இந்த வாரத்தில், அந்தச் சொத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பனியைப் பற்றியும் நடுநிசிச் சூரியனைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

2

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் வால்வுகள் இருக்கின்றன. ஆழத்தில் போய் அவற்றைத் திறக்கவும் மூடவும் ரோபோக்கள் இருக்கின்றன. அந்த ரோபோக்களைக் கரையில் உட்கார்ந்தபடியே இயக்குவதற்கான கருவியைச் செய்வது எங்கள் கம்பெனி.

தலையில் கனமான ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கடலடி கண் முன்னால் விரியும். தலையைத் திருப்பினால் கடலும் திரும்பும். புதிதாக மாட்டுகிறவர்களுக்குக் குமட்டும். நானும் முதல் வாரம் வாந்தி எடுத்திருக்கிறேன். கையில் ஒரு கைப்பிடி. நான் அதை எப்படி அசைக்கிறேனோ அப்படியே அங்கே ரோபோவின் கை அசையும். ரோபோவின் கை எதிலாவது முட்டினால், கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார்கள் அந்த முட்டலை என் கைக்குக் கொடுக்கும். கல் என்றால் வெடுக்கென்று நிற்கும். சேறு என்றால் சொதசொதவென்று உள்ளே போகும்.

கம்பெனியில் நான்தான் 'கை'. பொறியாளர்கள் செய்து கொடுப்பதைப் பிடித்துப் பார்த்து, தொடுதல் சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். என் மகள் கயல் அவள் வகுப்பில், "எங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு மீன்களுக்குக் கை கொடுக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறாள். நார்வேஜிய மொழியில்தான். தமிழில் கேட்டால் நார்வேஜியத்தில் பதில் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டாள். ஃபோனில் அம்மாச்சியிடம் மட்டும் தமிழ் பேசுவாள். அதுவும் ஒரே மூச்சில்: "அம்மாச்சி-நல்லாருக்கேன்-வைக்கிறேன்." அவளும் கேள்விக்குக் காத்திருப்பதில்லை.

கண்ணாடியில் தெரிகிற கடலடி நிஜமான கடலடி அல்ல. ரோபோ இறங்கிச் சேற்றைக் கிளப்பிவிட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது. அதனால் வரைபடத்தை வைத்துக் கம்ப்யூட்டர் வரைந்த கடலடியைக் காட்டுகிறார்கள். துடைத்து வைத்ததுபோல நீலமாக இருக்கும். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கண்ணுக்குக் காட்டுவது எதுவானாலும் கைக்கு வருவது உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கைப்பிடியை வடிவமைத்தவன் ஓலாவ். பிறந்தநாளுக்கெல்லாம் தானே கேக் சுட்டுக் கொண்டுவருவான். யாரையும் கடிந்து பேச மாட்டான். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்த ஊரில் பலர் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். வந்த புதிதில் ஓலாவ் அப்படிச் சொன்னபோது, ஐயோ பாவம், இழுப்புக்காரன்போல என்று நினைத்தேன். பிறகு, எதையோ சொல்ல வந்து விழுங்குகிறான் என்று நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பை இன்னும் முழுசாக விடவில்லை.

அந்த வருடம் அவன் புதிய கைப்பிடி ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்கு முந்தியது ஒரு சனியன். ரோபோவை இறக்கும் கப்பல் எங்கள் ஊர் விரிகுடாவிலேயே நின்றாலும், நிஜ வேலையில் இருப்பதுபோலவே சமிக்ஞையைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பித்தான் வாங்குவோம். அதனால் ரோபோ தொட்டது எனக்குத் தாமதமாக வரும். அதற்குள் நான் இன்னும் அழுத்தியிருப்பேன், அது திருப்பித் தள்ளும், நான் பதறி இழுப்பேன், கைப்பிடி சாமி வந்ததுபோல ஆடும். புதியதில் இது எதுவும் இல்லை. வால்வைத் தொட்டேன், தொட்ட அந்தக் கணமே கையில் இரும்பு. ஆட்டமில்லை, நடுக்கமில்லை, வெண்ணெய்போல இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. செயற்கைக்கோள் அதே இடத்தில்தான் இருக்கிறது, தூரம் குறையவில்லை. பின் எப்படிப் பதில் உடனே வருகிறது? கேட்பதற்கு முன்னால் வரும் பதில். இதை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறேனே!

3

ஆனையூரில் எங்கள் தெருவுக்கே ஒரு பாதாளக் கரண்டிதான் இருந்தது. அது எங்கள் வீட்டில் இருந்தது. தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு இரும்பு வளையம், அதில் கொத்தாகத் தொங்கும் கொக்கிகள், மேலே நீளக் கயிறு. கிணற்றுக்குள் விழுந்த வாளியையும் குடத்தையும் துழாவி எடுக்கிற சாமான்.

அதைக் கேட்டு யார் வெறுங்கையோடு வந்தாலும் அம்மா கொடுக்க மாட்டாள். ஈடு வைக்க வேண்டும். காசு கூடாது, வீட்டில் அன்றாடம் புழங்குகிற, இல்லாவிட்டால் வேலை ஓடாத ஒரு சாமான் வேண்டும். காப்பி வடிகட்டி, இட்லிச் சட்டி மூடி, அப்படி ஏதாவது.

"ஏக்கா, ரெண்டு வீடு தள்ளி இருக்கேன். எங்கிட்டயுமா ஈடு?"

"ஒன்னய நம்புறேன் தாயி. ஒம் மறதியத்தான் நம்பல."

இந்த வழக்கம் எங்கள் வீட்டில் மட்டுமில்லை, மற்ற தெருக்களில் கரண்டி வைத்திருந்த எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் அம்மா அதை ஒரு சட்டமாகவே நடத்தினாள். கரண்டியோடு கூடவே போய், பெரும்பாலும் தானே துழாவியும் கொடுப்பாள். என்ன விழுந்தது என்று கேட்பாள். சொன்ன பதிலை நம்ப மாட்டாள். வாளி என்பார்கள், வருவது பித்தளைக் குடமாக இருக்கும். மாமியாருக்குத் தெரியாமல் எடுக்க நினைத்திருப்பாள் மருமகள். குடம் மேலே வந்ததும் அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

கயிறு கனத்துவிட்டால் மற்றவர்கள் "சிக்கிருச்சு, சிக்கிருச்சு" என்று கத்துவார்கள். அம்மா கத்த மாட்டாள். "சுளுவா வருதுன்னா அது சேறு" என்பாள். நிஜமாகச் சிக்கியது கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் வழுக்கும், மனசில்லாமல்தான் வரும். அதையெல்லாம் அவள் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போனால், சேலையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்பாள். ஓரத்தில் ஒரு நூல் பிசிறினாலும் கடைக்காரன் செத்தான்.

ஒருமுறை அம்மாவை இங்கே கூப்பிடப் பார்த்தோம். அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நாங்கள் உத்தரவாதம் தர வேண்டும், பேங்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விசா அலுவலகத்தில் அலைக்கழித்தார்கள். போதாதற்கு எனக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அப்பா பெயரை அதற்குரிய கட்டத்தில் போட்டிருந்தேன். 'அன்புள்ள காளிமுத்து' என்று, செத்துப்போன என் அப்பாவுக்கே அவர்கள் பதில் எழுதினார்கள். இதையெல்லாம் ஃபோனில் சொன்னேன். அப்போதெல்லாம் அம்மா கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"ஈடு கேக்குறானா? வெவரமானவந்தான்."

"நீ வரியா, வரலையாம்மா?"

"திரும்பிப் போயிருவியான்னு அவன் இப்பவே கேக்குறான். நான் போகவே இல்ல, போ."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

4

புதிய கைப்பிடியை வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் நாள் நெருங்கியது. 'கை' என்ற முறையில் நான் சரி என்று சொன்னால்தான் காட்டலாம். எனக்கு வாய் வரவில்லை.

"என்ன குறை?" என்று ஓலாவ் கேட்டான்.

"குறையே இல்லை. அதுதான் குறை."

அவன் சிரித்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "இதை நீ நம்புகிறாய் என்றால் ஒரு ஈடு வை" என்றேன். ஈடு என்பதற்கு நார்வேஜியத்தில் எனக்கு வார்த்தை தெரியாது. கரண்டி, கிணறு, இட்லிச் சட்டி மூடி என்று கையால் வரைந்து காட்டி விளக்கினேன். கூடியிருந்தவர்கள் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள்.

ஓலாவிடம் ஒரு காப்பிக் கோப்பை உண்டு. நீலப் பூப்போட்டது, அவனுடைய அம்மா கொடுத்தது. வேறு எதிலும் குடிக்க மாட்டான். அதைக் கேட்டேன். ரோபோவை இறக்குவதற்கு முன்னால், கடலடியில் வைக்கும் பயிற்சி வால்வின் பிடியில் அந்தக் கோப்பையைக் கட்டிவிட வேண்டும். கம்ப்யூட்டரின் வரைபடத்தில் கோப்பை கிடையாது. என் கண்ணாடியில் தெரியாது. கைப்பிடி உண்மை சொல்கிறது என்றால் என் கைக்குக் கோப்பை தட்டுப்படும், நான் நிறுத்திவிடுவேன். கோப்பை முழுசாக அவனிடம் திரும்பி வரும்.

ஓலாவ் யோசித்தான். பிறகு மூச்சை உள்ளே இழுத்து 'ஆமாம்' என்றான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நீலக் கடலடி, அதில் மஞ்சள் வால்வு. கையை நீட்டி விரல்களை மூடினேன். இரும்பு கையில் வந்தது. வழுவழுவென்று, ஒரு பிசிறில்லாமல் அதே இரும்பு. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. "வால்வு மட்டும்தான் இருக்கிறது, கோப்பையைக் கட்டவில்லையா?" என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன்.

மத்தியானம் கப்பல் கரைக்கு வந்தபோது வால்வின் பிடியில் கோப்பையின் காது மட்டும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓலாவ் அந்தக் காதைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். சமிக்ஞை வரத் தாமதமாவதால்தான் கைப்பிடி ஆடுகிறது. அதனால் அது வரும்வரை காத்திருக்காமல், வரைபடத்தில் இந்த இடத்தில் இரும்பு இருக்கிறது என்றால் இரும்பைத் தொட்ட உணர்வை இங்கேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நிஜமான தொடுதல் வந்து சேரும்போது பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் திருத்தும். கோப்பை மெல்லியது, அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணக்கு சட்டை செய்யவில்லை.

"நான் தொட்டது கடலையே இல்லை. உன் கணக்கைத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்!" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "சில நேரம் ரோபோவுக்குப் பக்கத்தில் முக்குளிப்பவர்களும் வேலை செய்கிறார்கள். கோப்பை இருந்த இடத்தில் ஒருத்தருடைய விரல் இருந்தால்?"

"மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை" என்றான். "தூரத்தில் இருக்கிறீர்கள். உங்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தோம்."

காட்டும் நாள் தள்ளிப்போனது. சிலர் என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். ஓலாவ் நிறுத்தவில்லை. காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். நான்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைத் தின்றேன். தூரத்தில் இருக்கிறீர்கள், எதற்குத் தொந்தரவு. அந்த வார்த்தை என் தலைக்குள் ஆனையூர்க் குரலில் ஓடிக்கொண்டே இருந்தது.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். "நல்லாருக்கேன். சாப்ட்டேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

அம்மாவின் வரைபடத்தில் இல்லாத ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பெற்ற தாயைச் சோதிப்பதா என்று கேட்பீர்கள். அவள் யாரைச் சோதிக்காமல் விட்டாள்?

மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று வாங்கினேன். அதன் ஒரு மூலையில், மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்து, கம்பெனி லேபில் கிடந்த இரும்பு வாஷர் ஒன்றை உள்ளே வைத்து மறுபடி தைத்தேன். வெளியே பார்த்தால் தெரியாது. தடவினால் குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மா தொட்ட மாத்திரத்தில், "என்னடி இது, ஓரத்துல என்னமோ உருண்டுக்கிட்டு நிக்குது, ஏமாத்திப்புட்டானா ஒன்னய?" என்று கத்த வேண்டும். கத்தினால் அவள் என் அம்மா, எனக்கு நிம்மதி.

பார்சல் போய்ச் சேர்ந்தது. ஃபோன் செய்தேன்.

"நல்லாருக்கேன். போர்வ வந்துச்சு. ஓரமெல்லாம் உருட்டிப் பாத்தேன். பூ மாதிரி இருக்கு, ஒரு பிசிறு இல்ல."

கார்டு பாதி மிச்சமிருக்க ரிசீவரை வைத்துவிட்டேன். கோப்பை நொறுங்கிய அன்றுகூட அப்படிப் பயந்ததில்லை.

சந்தேகம் முதலில் மதினி மேல்தான் பாய்ந்தது. அண்ணன் மனைவி வசந்தி. போர்வையைத் தன் கட்டிலில் விரித்துக்கொண்டிருப்பாள், அம்மாவின் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டாள், அம்மா மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் மழுப்புகிறாள். இப்படி நினைத்ததும் எல்லாம் பொருந்திவந்தது. ஃபோனை எடுப்பது எப்போதும் மதினிதான். பின்னால் ஏதோ குசுகுசுப்பு கேட்கும். பிறகுதான் அம்மா வருவாள். அம்மாவைப் பட்டினி போடுகிறார்களா, மிரட்டி வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் மனசு ஓடியது. கயலுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு டிக்கெட் போட்டேன். வருவதை அண்ணனிடம் மட்டும் சொல்லி, வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

6

அண்ணன் கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் வேலை பார்க்கிறது. ஷிப்ட் முடிந்த சட்டையோடு ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தது. வழியெல்லாம் பேசவில்லை. கேட்டால், "வீட்ல போயிப் பாரு" என்றது. வெயில் காரின் கண்ணாடியைத் தாண்டிக் கொளுத்தியது. கயல் தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இங்கே எல்லோரும் ஏன் ஹாரன் அடிக்கிறார்கள் என்று நார்வேஜியத்தில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் நான் மதினியின் கட்டிலைத்தான் பார்த்தேன். அந்தப் புத்தியை என்ன சொல்ல. அங்கே பழைய ஜமுக்காளம். என் போர்வை அம்மாவின் கட்டிலில், தலைமாட்டில் மடித்து இருந்தது. மூலையைத் தொட்டேன். வாஷர் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

அம்மா அடுப்படியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே மாறியது.

"என்னத்தா, சொல்லாம கொள்ளாம? வாத்தா. ஏ கயலு, என்னா ஒசரம் வளந்துட்டா! இரு, காப்பி போடுறேன்."

மதினி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வந்தது. அம்மா துணியைத் தேடவில்லை, இடுக்கியைத் தேடவில்லை. வெறும் கையால், இரண்டு பக்கமும் பாத்திரத்தைப் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இறக்கினாள். அவசரப்படவே இல்லை. நான் அலறினேன்.

"அய்யய்யோ! அம்மா! கைய எடும்மா!"

"எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

மதினி ஈரத் துணியோடு ஓடிவந்தாள். "அத்தே! எத்தன தடவ சொல்லிட்டேன், அடுப்புப் பக்கம் போகாதீகன்னு!" அம்மாவின் கையைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். அந்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன். நுனியெல்லாம் பழைய சூடுகள், கறுத்த தழும்புகள். ஒரு விரலில் நகம் இல்லை.

சர்க்கரை. கையிலும் காலிலும் நரம்பு செத்துப்போய், தொட்டால் சுட்டால் தெரிவதில்லை. காலில் ஆணி குத்தி, அது புண்ணாகி நாறிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். மதினிதான் தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, மருந்து போட்டு, தீப்பெட்டியை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போன நேரத்தில் நாங்கள் வந்துவிட்டோம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மதினி?"

எப்போதும் என்னை 'நீ, வா, போ' என்று பேசுகிற மதினி அன்று 'நீங்க' போட்டாள்.

"ஒங்கம்மா சாமி மேல சத்தியம் வாங்கிட்டாக. நான் ஃபோன எடுத்துக் குடுக்கயில எல்லாம், சொல்லிருவேனோன்னு பக்கத்துலயே நின்னு மொறப்பாக. நீங்க என்னயச் சந்தேகப்பட்டுத்தான வந்தீக? மொதல்ல எங் கட்டிலத்தான பாத்தீக? பின்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுநாள் மத்தியானம்தான் 'நீ'க்கு இறங்கிவந்தாள்.

7

அம்மாவோடு நான் சண்டை போட்டேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

"போர்வ ஓரத்துல வாஷர வச்சு அனுப்புனேன். உருட்டிப் பாத்தேன், பூ மாதிரி இருக்குன்னு சொன்ன. எதுக்கும்மா பொய்?"

"உருட்டித்தான் பாத்தேன். ஒண்ணும் தெரியல. தெரியலன்னா சொல்லச் சொல்ற? எப்பவும் என்ன சொல்லுவேனோ அதச் சொன்னேன்." கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்தாள். "அம்புட்டுத் தொலவுல இருக்கவள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நீ தெரிஞ்சு பறந்து வந்து என்னத்த புடுங்கப் போற?"

"தெரியாம அங்க உக்காந்து உசுர விட்டேனே, அது பரவால்லயா?"

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிகிறது. நான் கையை எடுத்துவிடப் போகிறேனோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன், செருப்பு மாற்றினோம், கால் பார்க்க வாரம் ஒருமுறை நர்ஸ் வர ஏற்பாடு செய்தோம். ஆனால் நான் போனதும் மறுபடி அதே 'நல்லாருக்கேன்' தான் வரும் என்று எனக்குத் தெரியும். மதினியைச் சத்தியத்தில் கட்டிப்போடுவாள். அண்ணன் எதையும் சொல்லாது. அம்மாவின் வார்த்தையை நான் எதை வைத்து நம்புவது?

கிளம்புகிற அன்று பரணில் ஏறினேன். கிணற்றைச் சிலாப் போட்டு மூடி, அதன்மேல் அண்ணன் பைக் நிறுத்த ஆரம்பித்த நாளிலிருந்து பாதாளக் கரண்டி அங்கேதான் கிடந்தது. தூசு தட்டி அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"இதைக் கொண்டுபோறேன்."

"எதுக்கு? அங்க கெணறு இருக்கா?"

"ஒன் வார்த்தைக்கு ஈடு. ஃபோன்ல உள்ளத உள்ளபடி சொல்லணும். பொய் சொன்னன்னு தெரிஞ்சா, கரண்டி எனக்கு. திருப்பித் தர மாட்டேன்."

அம்மா என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எஞ் சட்டத்த எங்கிட்டயேவா?" கரண்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். கொக்கி கொக்கியாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. மெதுவாக அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அங்கே இன்னும் தெரியும்.

"துரு ஏறிப்போச்சு. எண்ணெ போட்டு வையி" என்று கொடுத்தாள்.

8

இந்த ஊர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது என்ன ஆயுதம்?" என்றார். நீருக்கடியில் வேலை செய்யும் கருவி, தொடு உணர்வு உள்ளது, நானும் அதே துறைதான் என்று சொல்லிக் கம்பெனி அட்டையைக் காட்டினேன். அவர் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தார்.

ஓலாவ் இதற்குள் கைப்பிடியை மாற்றியிருந்தான். கணக்கை எடுக்க முடியாது. எடுத்தால் பழையபடி ஆடும். அதனால் கண்ணாடிக்குள் ஒரு அடையாளம் வைத்திருக்கிறான். கையில் வருவது கணக்குப் போட்ட தொடுதல் என்றால் பொருளின் விளிம்பு மஞ்சளாகத் தெரியும். நிஜமான தொடுதல் வந்து சேர்ந்ததும் பச்சையாக மாறும். மஞ்சளில் அழுத்தக் கூடாது. பச்சை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. நான் சரி என்று சொன்னேன். மதுரையில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். சூடு தாங்காமல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு குடிக்கிறான்.

கரண்டி எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. கயலின் சிநேகிதிகள் அதைக் கலைப்பொருள் என்று நினைக்கிறார்கள். "அது எங்கள் அம்மாச்சியின் வாக்குறுதி" என்று கயல் அவர்களுக்கு விளக்குகிறாள். நார்வேஜியத்தில்தான். ஆனால் 'அம்மாச்சி'யை மட்டும் அவள் மாற்றுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. கார்டைச் சுரண்டினேன். மதினி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"எப்டிம்மா இருக்க?"

பதில் இல்லை. தாமதம்தான் என்று காத்திருந்தேன். தாமதத்தைத் தாண்டியும் பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தபோது அம்மாவின் மூச்சு கேட்டது.

"நல்லா இல்லத்தா. கால்ல மறுபடி புண்ணு. கட்ட வெரல எடுக்கணும்னு சொல்றாக. பயமா இருக்கு."

என் அம்மா பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கிணற்றையே எட்டிப் பார்க்கப் பயப்படாதவள். சுவரில் இருந்த கரண்டியைப் பார்த்தேன். உண்மை வந்துவிட்டது, ஆடிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, மனசில்லாமல் வந்தது. அதை எந்தக் கையால் வாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன, சத்தத்தையே காணோம்? ஏத்தா, நீ எப்டி..."

"நல்லாருக்கேம்மா" என்றேன்.

அந்தப் பக்கமிருந்து பழைய வெள்ளையம்மாவின் குரல் வந்தது.

"நான் இன்னும் கேட்டே முடிக்கல. அதுக்குள்ள பதில் சொல்ற? சரி, சொல்லு. நீ எனக்கு என்னத்த ஈடு வைக்கப் போற?"